எல்லாமே மூலம் இல்லை



சென்ற மாதம் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து அன்னதானம். எல்லாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஓர் அம்மா மட்டும் தட்டைக் கையில் ஏந்தித் தூணோரமாக நின்றபடியே சாப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா" என்றேன். "இருக்கட்டும் மிஸ்ஸி, எனக்கு நின்னாத்தான் வசதி" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக இருந்தவளுக்கு அந்தப் பதில் போதும். கை கழுவும் குழாயடியில் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு வருடமாக வலி. கணவருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. "மூலந்தான் மிஸ்ஸி. பாசார் மாலாம்ல வித்த லேகியம் வாங்கித் தின்னேன், கேக்கல. இதப் போயி டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது?"

இந்த வாரம் அந்த வலியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பசியாறிக்கொண்டே படிப்பவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஆனால் பக்கத்தை மட்டும் புரட்டிவிடாதீர்கள்.

யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணி மூல நோயை 21 வகையாகப் பிரிக்கிறது. இது ஒரே நோய் அல்ல என்று அந்தக் காலத்து வைத்தியர்களுக்கே தெரிந்திருந்தது. நாம்தான் பின்பக்கம் எது வலித்தாலும், எது கசிந்தாலும் 'மூலம்' என்று ஒரே பெயரை வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். என் குடும்பத்திலேயே மூன்று பேர் தங்களுக்கு மூலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் இருந்தது மூலம் இல்லை.

அம்மாவுக்கு வந்தது வெடிப்பு

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டு. நான்கு மணிக்கே எழுந்து சோறாக்கி, எங்களுக்குக் கோப்பி கலந்து வைத்து, தானும் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடுவார்.

நம் உடம்புக்கு ஒரு வழக்கம் உண்டு. தூங்கி எழுந்து, வயிற்றில் சூடாக ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலைக் கோப்பிக்குப் பிறகு வயிறு அழைப்பது அதனால்தான். அம்மாவுக்கு அந்த அழைப்பும் பெரட்டு மணியும் ஒரே நேரத்தில் வந்தன. லயத்துக் கோடியில் பல குடும்பங்களுக்குப் பொதுவான கக்கூஸ், இருட்டு, முன்னால் நான்கு பேர். வெட்டுக்காட்டில் ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடலாம். பெண்களுக்குப் பாம்பு பயம், பூரான் பயம், மண்டோர் எந்தப் பக்கம் வருவாரோ என்ற பயம். அடக்கிக்கொள்வார்கள். அடிக்கடி ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மதியமாகிவிடும்.

அடக்கிய மலம் அப்படியே இருக்காது. குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மதியத்துக்குள் அது கெட்டியாகிவிடும். அதை முக்கி வெளியேற்றும்போது ஆசனவாயின் உள்தோல் கிழிகிறது. இதுதான் ஆசனவாய் வெடிப்பு.

அந்தக் கிழிசல் விரல்நக அளவுகூட இருக்காது. ஆனால் அந்த இடத்தில் நரம்புகள் நிறைய. கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் அறுப்பதுபோல வலிக்கும். பிறகு அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை எரியும். துடைத்தால் பளிச்சென்ற சிவப்பில் கொஞ்சம் இரத்தம். வலி தாங்காமல் உள்ளே இருக்கும் வளையத் தசை இறுகிக்கொள்ளும். அது நாம் சொன்னால் கேட்கிற தசை இல்லை. இறுகியதும் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. மறுநாள் வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவோம். மலம் மறுபடி கெட்டியாகும், புண் மறுபடி கிழியும்.

தோட்டத்து டிரசர் ஓர் ஆண். அம்மா அவரிடம் "வயித்து வலி" என்றுதான் சொன்னார். அவரும் வயிற்று வலிக்கு மருந்து கலக்கிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடங்கள் இப்படிப் போயின. கக்கூஸ் கதவுக்குப் பின்னால் அம்மா சத்தம் வராமல் அழுததை நான் சிறுமியாகக் கேட்டிருக்கிறேன். தாதிப் பயிற்சி முடித்த பிறகுதான் ஒரு பெண் டாக்டரிடம் பிடிவாதமாக அழைத்துப் போனேன். அவர் பார்த்தது இரண்டு நிமிடம். "மூலம் இல்லை, வெடிப்பு. நாள்பட்டுப் போனதால் சின்ன அறுவைச் சிகிச்சை வேண்டும். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது" என்றார். இறுகிய தசையில் கொஞ்சத்தை வெட்டித் தளர்த்தும் சிகிச்சை அது. இரண்டு மாதத்தில் அம்மா பழைய ஆளாகிவிட்டார். பன்னிரண்டு வருட அழுகைக்கு இரண்டு மாதத்தில் முடிவு.

இது தோட்டத்துப் பழங்கதை என்று இளையவர்கள் நினைக்க வேண்டாம். நீலாயிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் காலை அழைப்பை அடக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பள்ளிக் கழிவறை அசுத்தம் என்று பிள்ளைகள் அடக்குகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஏற்கெனவே தளர்ந்த உடம்பில் மலச்சிக்கலும் சேர்ந்து வெடிப்பை உண்டாக்கிவிடுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

புதிய வெடிப்புகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அதற்கு மலம் இளக வேண்டும், தசை தளர வேண்டும்.

ஒரு பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, முக்கியமாக மலம் கழித்த பிறகு. வெந்நீர் தசையைத் தளர்த்தும். டெட்டோல் ஊற்ற வேண்டாம். நம் வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் டெட்டோல்தான். இந்தப் புண்ணில் அது எரிச்சலைத்தான் கூட்டும். சோப்புப் போட்டுத் தேய்க்காமல், தண்ணீரில் கழுவி மெல்ல ஒற்றி எடுங்கள்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். வெள்ளைச் சோறும் ரொட்டி சானாயும் மேகியும் மட்டும் சாப்பிட்டால் அதில் பாதிகூடத் தேறாது. 100 கிராம் கொய்யாவில் சுமார் 5 கிராம் இருக்கிறது. பருப்பு, கடலை, கீரை, முருங்கைக்காய், சர்க்கரைவள்ளி, பப்பாளி எல்லாம் உதவும். இசப்கோல் உமியும் நல்லது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத நார்ச்சத்து அடைப்பைத்தான் உண்டாக்கும். ஒரே நாளில் அள்ளிப் போடாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அழைப்பு வந்ததும் போய்விடுங்கள். உட்காரும் கழிவறையில் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்துக்கொண்டால் முக்குவது குறையும். கைத்தொலைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து வந்துவிடலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். கொடேன் கலந்த வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கூட்டும். ஒரு வாரம் இவற்றைச் செய்தும் வலி குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். தசையைத் தளர்த்தும் களிம்புகளை அவர் எழுதிக் கொடுப்பார். சிலருக்கு அந்தக் களிம்பால் தலைவலி வரும். பாதியில் நிறுத்திவிடாமல் அவரிடமே சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு மேலும் ஆறாத வெடிப்பை நாள்பட்டது என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது.

உண்மையான மூலம்

மூலம் என்பது ஆசனவாயைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் வீங்கிப் புடைப்பது. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது. மலத்தோடு சிவப்பாக இரத்தம் சொட்டும், சில சமயம் சதை வெளியே வந்து உள்ளே போகும். ஆகவே, "மூலம், ரொம்ப வலிக்குது" என்று யாராவது சொன்னால், அது வேறு ஏதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் திடீரென்று திராட்சைபோல நீலமாக ஒரு கட்டி தோன்றும். தாங்க முடியாத வலி. முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை. பிறகு தானாகவே குறையும். அந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால், தேவைப்பட்டால் கட்டியை அகற்றி உடனே நிவாரணம் தர முடியும்.

நடு இரவில் திடீரென்று ஆசனவாய்க்குள் சுண்டி இழுத்து, சில வினாடிகளிலோ சில நிமிடங்களிலோ மறைந்துவிடும் வலி ஒன்றும் உண்டு. அது தசைப்பிடிப்பு; ஆபத்து இல்லை. அடிக்கடி வந்தால் மட்டும் காட்டுங்கள்.

அண்ணன் மகனுக்கு வந்தது சீழ்க்கட்டி

என் அண்ணன் மகன் பொறியாளன், வயது 34. உட்கார்ந்தால் வலி, படுத்தாலும் வலி, விண்விண் என்று தெறிக்கும். கழிவறைக்குப் போகாத நேரத்திலும் அதே வலி. கடையில் மூலத்துக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஐந்து நாள் அலுவலகம் போய் வந்தான். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல். அன்றிரவே அறுவை அறைக்குக் கொண்டுபோய்ச் சீழை வெளியேற்றினார்கள். தனக்கு நீரிழிவு இருப்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தச் சீழ்க்கட்டி வேகமாகப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இடைவிடாத தெறிப்பு வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் வெந்நீர் பேசினோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை. மாத்திரை மட்டும் போதாது, சீழை வெளியேற்றியாக வேண்டும்.

சீழ்க்கட்டி வந்தவர்களில் கணிசமானவர்களுக்குப் பிறகு பவுத்திரம் உண்டாகும். உள்ளேயிருந்து தோலுக்கு ஒரு சிறு பாதை விழுந்து, சீழ் கசிந்துகொண்டே இருக்கும். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686-இல் வந்தது இதுதான். பற்றும் சூடும் போட்டுப் பல மாதம் பார்த்தார்கள், ஆறவில்லை. கடைசியில் அந்த ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி அவருடைய அறுவை மருத்துவர் பெலிக்ஸ், மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், கத்தியால் திறந்து குணப்படுத்தினார். அரசராலேயே பற்றுப் போட்டு ஆற்ற முடியாத நோய் நம் வீட்டு லேகியத்தில் ஆறாது.

பெரியப்பாவுக்கு வந்தது

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. பெரியப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். "எப்பவும் உக்காந்தே இருக்கேன்ல, சூடு. மூலம்" என்பார். மலத்தோடு கலந்து இரத்தம் போனது. போய்விட்டு வந்த பத்தாவது நிமிடமே மறுபடி போக வேண்டும்போல இருந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நான் வேறு மாநிலத்தில் வேலையில் இருந்தேன். தீபாவளிக்கு வந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. மலக்குடல் புற்றுநோய், கல்லீரல் வரை போய்விட்டது. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. ஒன்றரை வருடம் மூல மருந்து சாப்பிட்டிருக்கிறார்.

மலேசிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான். பெண்களுக்கு அது இரண்டாம் இடம். வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள். வயதானவர்களுக்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 'பிளாக் பேந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43.

50 முதல் 75 வயது வரை உள்ளவர்கள், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும்படி ஏற்கெனவே இரத்தம் போகிறவர்கள் அதற்குக் காத்திருக்கக் கூடாது. நேராக டாக்டரைப் பாருங்கள்.

எப்போது போக வேண்டும்?

அன்றே போக வேண்டியவை: காய்ச்சலோடு வலி, தெறிக்கும் வீக்கம், நிற்காத இரத்தம், கறுத்த தார்போன்ற மலம், சிறுநீர் பிரியாமை, தலைசுற்றல். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அந்த வாரத்துக்குள் போக வேண்டியவை: மலத்தில் கலந்து வரும் இரத்தம், மூன்று வாரங்களுக்கு மேல் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, போன பின்பும் முழுதாகப் போகாத உணர்வு, கைக்குத் தட்டுப்படும் கட்டி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருப்பது.

குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து சிரம்பான், கோலப்பிலா, போர்ட்டிக்சன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் தருவார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு மலாயில் எப்படிச் சொல்வது என்பதே தயக்கம். 'சாக்கிட் டி டுபூர்' என்றால் ஆசனவாயில் வலி. 'பெராக் பெர்டாரா' என்றால் மலத்தோடு இரத்தம். 'நானா' என்றால் சீழ். 'புவாசிர்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது மூலம். நோய்க்கு நீங்களே பெயர் வைக்க வேண்டாம், என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? இடப்பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். போர்வை போர்த்தியிருக்கும். முதலில் பார்ப்பார்கள். வலி அதிகம் என்றால் விரல் விடாமலே நிறுத்திக்கொள்வார்கள். பெண் டாக்டர் வேண்டும், தாதி கூட இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் பணிக்காலத்தில் அந்தப் படுக்கையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரையும் பார்த்து நாங்கள் சிரித்ததில்லை.

மருந்து வாங்கினால் பெட்டியில் சுகாதார அமைச்சின் 'மால்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததை வாயில் போடவோ, புண்ணில் தடவவோ வேண்டாம். ஊசி போட்டு ஒரே நாளில் மூலத்தை உதிர்த்துவிடுகிறேன் என்று வீட்டு வாசலுக்கு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தூணோரம் நின்ற அந்த அம்மாவை அடுத்த திங்கட்கிழமையே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வெடிப்புதான். களிம்பும் மலம் இளக்கும் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது உட்கார்ந்து சாப்பிட முடிகிறதாம். வயது 58 என்பதாலும் இரண்டு வருடமாக இரத்தம் போனதாலும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "அதான் வலி போச்சே மிஸ்ஸி, இன்னும் எதுக்கு?" என்று தட்டிக்கழிக்கிறார். பெரியப்பாவின் கதையைச் சொன்னேன். மகளிடமும் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டார். மகளே விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துப் போகிறாள்.

உங்கள் வீட்டிலும் நின்றுகொண்டே சாப்பிடுகிறவர், கழிவறையில் நெடுநேரம் இருந்துவிட்டு முகம் சிவந்து வருகிறவர் யாராவது இருக்கலாம். இன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.